நான்கு பைட் அனுப்பினால் ஏழு பைட் திரும்ப வேண்டும்

நீடாமங்கலத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் பெரியப்பா வீட்டில், குறுவையில் அறுத்த பூங்கார், அறுபதாம் குறுவை என்ற இரண்டு நெல் வகைகளும் விதைக்கென்று ஒதுக்கப்பட்டு, ஐப்பசி தொடங்கி அடுத்த ஆனி வரை மரப் பத்தாயத்தில்தான் இருக்கின்றன. விதை நெல்லில் ஈரம் 13 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரப்பதம் 70-க்கு மேல் ஏறி நாட்கணக்கில் நிற்கும்போது, நன்றாகக் காயவைத்துக் கொட்டிய நெல்லும் அந்த வரம்பைத் தாண்டி மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பெரியப்பா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, அது ஒடியும் ஓசையைக் கொண்டே பதம் சொல்லிவிடுவார். கும்பகோணத்தில் குடியிருக்கும் எனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, பொத்தான் பேட்டரியில் ஓடும், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து புளூடூத் வழியே சில விநாடிகளுக்கு ஒருமுறை தாமாகவே அறிவித்துக்கொண்டிருக்கும் சிறு உணரிகள் மூன்றைப் பத்தாயத்தின் அறைகளில் வைத்து, அவற்றின் அறிவிப்புகளைக் கேட்டுப் பதிவு செய்ய ஓர் ஒற்றைப் பலகைக் கணினியைப் பக்கத்து அறையில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பலகை, ஆல்வின்னர் எச்3 செயலியைக் கொண்டது. அதிலிருக்கும் ஒரே யூஎஸ்பி துளையை 4ஜி மோடம் பிடித்துக்கொண்டது. ஒரு ஹப் வாங்கிச் செருகி, அதில் ஒரு புளூடூத் டாங்கிளையும் செருகியிருந்தால் இந்தப் பதிவை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது. ஆனால் பலகையின் ஓரத்திலேயே ஏபி6212 என்று பொறித்த, ஏறத்தாழ அரை அங்குலம் அகலமுள்ள தகர மூடிக்குள் வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்தே இருக்கும்போது, காசு கொடுத்து இன்னொன்றை வாங்குவதா என்ற வீம்பும் எனக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த மூடிக்குள் இருப்பது பிராட்காமின் பிசிஎம்43438 சில்லு. ராஸ்பெரி பை 3 என்ற ஒற்றைப் பலகைக் கணினியிலும் இதே சில்லுதான் இருக்கிறது. பிராட்காம் இந்தத் தொழிலை 2016-இல் சைப்ரஸ் நிறுவனத்துக்கு விற்றது. சைப்ரஸை 2020-இல் இன்ஃபினியன் வாங்கிக்கொண்டது. ஆனாலும் லினக்ஸ் இயங்குதளத்தில் இதன் ஃபர்ம்வேரை, அதாவது சில்லுக்குள் ஏற்றவேண்டிய மென்பொருள் கோப்புகளைத் தேடிச் செல்பவர், இன்றைக்கும் பிராட்காமின் பெயரைச் சுருக்கி வைத்த அடைவுக்குள்தான் போகவேண்டியிருக்கிறது.

பலகையை ஏற்றியவுடன் வைஃபை வேலை செய்தது. புளூடூத் இருப்பதற்கான சுவடே இல்லை. கருவிகளைப் பட்டியலிடச் சொன்னால் வெறுமை. ஒரே மூடிக்குள் இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் எப்படி வேலை செய்யும், சில்லில் பாதி எரிந்துபோயிருக்குமோ என்றுதான் முதல் நாள் நினைத்தேன். உண்மையில் இரண்டும் மூடியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. செயலிக்குச் செல்லும் வழி வேறு வேறு. வைஃபைப் பாதி எஸ்டிஐஓ என்ற பாதையில் இணைந்திருக்கிறது, அதாவது மெமரி கார்டு பேசும் அதே முறை. புளூடூத் பாதியோ யூஆர்ட் எனப்படும் பழைய சீரியல் போர்ட்டில் தொங்குகிறது.

இந்த வேறுபாட்டில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. யூஎஸ்பியில் எதைச் செருகினாலும், அது யார், எந்த நிறுவனத்தின் எந்தப் பொருள் என்ற எண்களை, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் கேட்டு வாங்கிக்கொள்ளும். எஸ்டிஐஓவிலும் அப்படி ஒரு விசாரணை உண்டு. யூஆர்ட்டில் அந்த வழக்கமே கிடையாது. அது இரண்டு கம்பி, கூடுதலாக இருந்தால் நான்கு கம்பி. ஒரு முனையில் எழுதியது மறுமுனையில் வந்து விழும், அவ்வளவுதான். மறுமுனையில் இருப்பது புளூடூத் சில்லா, ஜிபிஎஸ் கருவியா, யாரும் இல்லாத வெற்றுக் கம்பியா என்று கெர்னலால் அறிய முடியாது. என்ன இருக்கிறது, எந்த வேகத்தில் பேசும், எந்தக் கம்பியை உயர்த்தினால் விழிக்கும் என்பவற்றையெல்லாம் மனிதர் ஒருவர் எழுதிவைத்தாக வேண்டும். என் பலகைக்கான இயங்குதளத் தொகுப்பில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

எந்த போர்ட் என்பதைப் பலகையின் சுற்று வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: யூஆர்ட்3. ஒரு கட்டளையைப் போட்டுப் பார்த்ததில் மறுமொழி இல்லை. ராஸ்பெரி பைக்கு என்று பலரும் எழுதிவைத்திருக்கும், சீரியல் போர்ட்டிலுள்ள புளூடூத் சில்லைக் கணினியோடு இணைக்கும் எச்சிஐஅட்டாச் கட்டளையைப் போட்டேன். சில விநாடி யோசித்துவிட்டு, தொடங்குவதற்கான நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி நின்றது. அன்று மாலை முழுவதும் போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு வீணடித்தேன்; அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் சுற்று வரைபடத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தபோது, சில்லின் புளூடூத் பாதிக்கென்று தனியாக, மின்னழுத்தத்தை உயர்த்தினால் அதை விழிக்கவைக்கும் ஓர் இயக்கு முனை இருப்பதும், அது செயலியின் ஜி13 என்ற இணைப்புக் காலுடன் இணைந்திருப்பதும் தெரிந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 0 வோல்ட். ஆக, இரண்டு நாளாக நான் உறங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆல்வின்னர் செயலிகளில் ஒரு காலின் கெர்னல் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது: எழுத்தின் வரிசையை ஏ என்றால் 0, பி என்றால் 1 என எண்ணி, 32-ஆல் பெருக்கி, காலின் எண்ணைக் கூட்டவேண்டும். ஜி என்றால் 6. 6-ஐ 32-ஆல் பெருக்கி 13-ஐக் கூட்டினால் 205. அந்த எண்ணை வெளியீட்டுக் கால் என்று அறிவித்து, அதில் 1 என்று எழுதியதும் மீட்டரில் 3.3 வோல்ட் ஏறியது. இந்தச் சில்லுக்கு 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பு ஒன்றும் வெளியிலிருந்து வரவேண்டும். வைஃபை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்ததால் அது வந்துகொண்டிருக்கும் என்று நம்பிக்கொண்டேன். நம்பிக்கை இந்த ஒரு இடத்தில் மட்டும் பொய்க்கவில்லை.

இனி எந்தக் கட்டளையையும் நம்பாமல், கையாலேயே பேசிப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். புளூடூத் சில்லுடன் சீரியல் போர்ட்டில் பேசும் எளிய முறைக்கு எச்4 என்று பெயர். அதில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் ஒரே ஒரு பைட் வரும்: 01 என்றால் கட்டளை, 02 என்றால் தரவு, 03 என்றால் குரல், 04 என்றால் சில்லிலிருந்து வரும் நிகழ்வு. எல்லாச் சில்லுக்கும் பொதுவான முதற்கட்டளை, உன்னை மீட்டமைத்துக்கொள் என்பது. அது, பதினாறை அடியாகக் கொண்டு 9-க்கு மேல் எழுத்துகளால் எழுதும் பதினறும எண்ணில், நான்கே பைட்: 01 03 0சி 00. முதலாவது, இது கட்டளை என்கிறது. அடுத்த இரண்டும் கட்டளையின் எண், சிறிய பைட் முன்னால் வரும்படி திருப்பி எழுதப்பட்டது. கடைசி 00, இதற்கு மேல் விவரம் எதுவும் இல்லை என்கிறது.

இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்துகொண்டேன். போர்ட்டை 115200 வேகத்தில், எந்த எழுத்தையும் மாற்றாமல் அப்படியே கடத்தும்படி அமைத்து, ஒன்றில் வருவதைப் பதினறும எண்ணாகக் காட்டச் சொல்லிவிட்டு, மற்றொன்றிலிருந்து அந்த நான்கு பைட்டை அனுப்பினேன். கண்ணிமைப்பதற்குள் வந்து விழுந்தது: 04 0ஈ 04 01 03 0சி 00. ஏழு பைட். 04, நிகழ்வு, 0ஈ, கட்டளை முடிந்தது, 04, இன்னும் நான்கு பைட் உண்டு, 01, இன்னொரு கட்டளையை அனுப்பலாம், 03 0சி, நீ கேட்டது இதைத்தான், 00, பிழையில்லை. திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த பெரியப்பா, "ஏம்மா, பேசிருச்சா அது?" என்று கேட்டார். பேசிவிட்டது என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டிக்குத் திரும்பினார். அவர் அவ்வளவு எளிதாக முடித்துக்கொண்ட விஷயம் எனக்கு மேலும் மூன்று நாள் இழுத்தது.

சில்லு விழித்துவிட்டதால், பழைய எச்சிஐஅட்டாச் கட்டளையை மீண்டும் போட்டேன். இம்முறை அது சற்றுத் தூரம் நடந்தது. மீட்டமைத்தது, சில்லின் பெயரைக் கேட்டு வாங்கியது, அதற்குரிய ஃபர்ம்வேர் கோப்பைக் கண்டுபிடித்தது, பிறகு வேகத்தை மாற்றச் சொன்னது. அதோடு சரி, மறுபடியும் நேரம் கடந்துவிட்டது என்ற அதே வரி. எத்தனை முறை போட்டாலும் வேகம் மாறும் அந்த இடத்தில்தான் பேச்சு அறுந்தது.

வேகத்தை ஏன் மாற்றவேண்டும் என்றால், சில்லு விழிக்கும்போது 115200-இல்தான் விழிக்கும். ஒரு பைட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பிட் சேர்த்துப் பத்து பிட் ஆகும் என்பதால், விநாடிக்கு 11,520 பைட்தான் போகும். சில பத்துக் கிலோபைட் அளவுள்ள ஃபர்ம்வேரை ஏற்றவே சில விநாடிகள் பிடிக்கும். பாட்டு, குரல் எல்லாம் இந்த வேகத்தில் நடவாத காரியம். ஆகவே பிராட்காம் சில்லுகளில் அதற்கென்று ஒரு சொந்தக் கட்டளை உண்டு. அதில் புதிய வேகத்தைச் சொன்னால், சில்லு பழைய வேகத்திலேயே சரி என்று மறுமொழி தந்துவிட்டு, அடுத்த கணம் புதிய வேகத்துக்குத் தாவிவிடும். கணினியும் உடனே அதே வேகத்துக்குத் தாவவேண்டும். எல்லோரும் எழுதிவைத்திருந்தபடி நானும் 921600 என்றே கொடுத்திருந்தேன். சில்லு சரி என்று சொன்னது வரைக்கும் தெளிவாகக் கிடைத்தது. அதற்குப் பின் அமைதி.

போர்ட்டின் தற்போதைய வேகம் என்ன என்று கெர்னலிடம் கேட்டால் 921600 என்றே சொன்னது. அந்தப் பதிலை நம்பி, பழியைச் சில்லின் மீது போட்டு ஒன்றரை நாள் கழித்தேன். பிறகு ஒரு மதியம், குறிப்பேட்டின் பின்பக்கத்தில் வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

யூஆர்ட் தனக்குக் கிடைக்கும் கடிகாரத் துடிப்பை 16-ஆல் வகுத்து, அதை இன்னொரு எண்ணால் வகுத்துத்தான் தன் வேகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. என் பலகையில் யூஆர்ட்டுக்கு வரும் துடிப்பு 24 மெகாஹெர்ட்ஸ். 16-ஆல் வகுத்தால் 15,00,000. இதை இனி ஒரு முழு எண்ணால்தான் வகுக்க முடியும். 1, 2, 3 என்று போகலாமே தவிர, ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்பதற்கு இந்த யூஆர்ட்டில் இடமில்லை. 115200 வேண்டும் என்றால் 13-ஆல் வகுத்தால் 1,15,385 கிடைக்கிறது. ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பிசகு, யாருக்கும் தெரியாது. 921600 வேண்டும் என்றால் 1.63-ஆல் வகுக்கவேண்டும். அந்த எண் இல்லாததால், கெர்னல் அதற்கு அருகிலுள்ள முழு எண்ணான 2-ஐ எடுத்துக்கொள்கிறது. 15 லட்சத்தை இரண்டால் வகுத்தால் 7,50,000. சில்லு 921600-இல் பேச, என் பலகை 750000-இல் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டால் மட்டும் 921600 என்று சாதித்தது, ஏனென்றால் அது நினைவில் வைத்திருந்தது நான் கேட்ட வேகத்தை, தான் உண்டாக்கிய வேகத்தை அன்று.

இந்தப் பிசகு கிட்டத்தட்ட 19 விழுக்காடு. எவ்வளவு பெரியது என்பதைத் தாளில் வரைந்து பார்த்தேன். சில்லு அனுப்பும் ஒரு பிட் நீடிப்பது 1.085 மைக்ரோ விநாடி. என் பலகை ஒரு பிட்டுக்கென்று ஒதுக்கும் நேரம் 1.333 மைக்ரோ விநாடி. ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒருமுறை எட்டிப் பார்த்து 0-வா 1-ஆ என்று குறித்துக்கொள்வதுதான் யூஆர்ட்டின் வேலை. தொடக்க பிட் சரியாக வரும், அடுத்ததும் எப்படியோ வந்துவிடும்; மூன்றாவதைப் பார்க்கவேண்டிய நேரத்தில் சில்லு நான்காவதற்குப் போய்விட்டிருக்கும். பத்து பிட்டில் மூன்றாவதிலேயே தடம் புரளும் பேச்சில் எந்த பைட் உருப்படும்? இரண்டு முனைக்கும் இடையில் மொத்தப் பிசகு 5 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான், கடைசி பிட் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்; நடைமுறையில் அதிலும் பாதிக்குள் இருப்பது நல்லது.

அப்படியானால் ராஸ்பெரி பையில் அதே 921600 எப்படி ஓடுகிறது? 2016-இல் வந்த பை 3-இல், பிஎல்011 என்ற நல்ல யூஆர்ட்டைப் புளூடூத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வரும் துடிப்பு 48 மெகாஹெர்ட்ஸ். அதோடு அந்த யூஆர்ட்டால் பின்னத்தாலும் வகுக்க முடியும், ஒன்றை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 3.255-ஆல் வகுக்கவேண்டிய இடத்தில் 3.25-ஆல் வகுத்து 9,23,077 என்ற வேகத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பிசகு கால் விழுக்காடுகூட இல்லை. அங்கே உண்மையாக இருந்த எண், இங்கே பொய்யாகிவிட்டது. ஒரு பலகைக்கு எழுதிய குறிப்பை இன்னொரு பலகைக்கு அப்படியே எடுத்துக்கொண்டது என் தவறு. நல்ல யூஆர்ட்டைப் புளூடூத்துக்குத் தாரைவார்த்ததால், பையில் வெளிக்கால்களுக்கு மிஞ்சியது மினி யூஆர்ட் என்ற எளிய ஒன்று. அதன் வேகம் வரைகலைப் பகுதியின் மையக் கடிகாரத்தோடு கட்டுண்டிருப்பதால், அந்தக் கடிகாரத்தை ஒரே நிலையில் நிறுத்தாவிட்டால் சீரியல் திரையில் குப்பை எழுத்துகள் வரும். பை வைத்திருப்பவர்களுக்கு வரும் தொல்லை அது, என்னுடையது வேறு.

எனக்கு வேண்டியது 1-ஆல் வகுத்தால் கிடைக்கும் வேகம், அதாவது 15 லட்சம். வேகக் கட்டளையில் அதைத் திருப்பி எழுதினால் 60 ஈ3 16 00 என்று வரும். அதைக் கொடுத்ததும், மூன்று நாளாக அறுந்துகொண்டிருந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டி, ஃபர்ம்வேரை ஏற்றிவிட்டு, எச்சிஐ0 என்ற கருவி எழுந்து நின்றது. இடையில் ஒரு நுணுக்கம் உண்டு: ஃபர்ம்வேர் ஏறி முடிந்ததும் சில்லு மறுபிறவி எடுத்ததுபோல மீண்டும் 115200-க்கே திரும்பிவிடும், ஆகவே கணினியும் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறவேண்டும். கருவிகள் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன என்றாலும், கையால் செய்து பார்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

உணரிகள் மூன்றும் தெரிந்தன. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கி எழுந்து பார்த்தால், விடியற்காலை இரண்டரை மணியோடு பதிவு நின்றுவிட்டிருந்தது. கெர்னல் குறிப்பில், வந்த பைட்டுகளைப் பொட்டலமாகச் சேர்க்க முடியவில்லை என்ற பொருளில் ஒரே வரி, 84 என்ற பிழை எண்ணோடு, நூற்றுக்கணக்கான முறை.

எச்4 முறையில் சரிபார்ப்பு எண் என்ற ஒன்று கிடையாது. பொட்டலத்தின் முதல் பைட் வகையைச் சொல்லும், அடுத்து நீளம் வரும், நீளத்துக்குரிய பைட்டுகள் வரும், உடனே அடுத்த பொட்டலம். இடையில் ஒரே ஒரு பைட் தவறினாலும், அதற்கடுத்து வரும் எல்லாமே ஓரிடம் தள்ளிப் படிக்கப்படும். வகை இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு வெப்ப அளவு வந்து உட்காரும். திரும்பச் சேர வழியே இல்லை. அதனால்தான் புளூடூத் விவரக்குறிப்பு, இந்த முறையைப் பயன்படுத்துவோர் ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற இரண்டு கூடுதல் கம்பிகளையும் இணைத்தாகவேண்டும் என்கிறது. ஒரு முனையின் ஆர்டிஎஸ் மறுமுனையின் சிடிஎஸ்ஸுக்குப் போகும். கீழ்வயல் நிரம்பியவன் குரல் கொடுத்தால் மேல்வயலில் இருப்பவர் மடையை அடைப்பதுபோல, வாங்குபவரின் தொட்டி நிரம்பினால் கொடுப்பவர் நிறுத்திக்கொள்ளவேண்டும்.

என் பலகையில் அந்தக் கம்பிகள் செம்பில் இருந்தன, மென்பொருளில் இல்லை. யூஆர்ட்3-க்கு உரிய கால்கள் ஏ13, ஏ14, ஏ15, ஏ16. முதல் இரண்டையும் மட்டுமே யூஆர்ட் வேலைக்கு ஒதுக்கி, மற்ற இரண்டையும் சும்மா விட்டிருந்தார்கள். அதில் ஒன்று தாழ்நிலையிலேயே கிடந்ததால், எப்போதும் அனுப்பலாம் என்றே சில்லு எண்ணிக்கொண்டிருந்தது. 15 லட்சம் வேகத்தில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் பைட் வரலாம். யூஆர்ட்டின் தொட்டி கொள்வது 64 பைட். அது நிரம்ப அரை மில்லி விநாடிகூட ஆகாது. பகலில் சமாளித்த செயலி, நள்ளிரவில் மெமரி கார்டில் பதிவுகளை எழுதிக்கொண்டும் மோடம் வழியே அனுப்பிக்கொண்டும் இருந்த ஏதோ ஒரு நொடியில் தொட்டியைக் காலி செய்யத் தாமதித்திருக்கிறது. ஒரு பைட் வழிந்தோடிவிட்டது. மிச்ச இரவு முழுவதும் அந்த ஒரு பைட்டின் விளைவுதான்.

இதற்கு மேல் ஒட்டுப்போடுவதில் பொருளில்லை என்று, எல்லாவற்றையும், பலகையில் எங்கே என்ன இருக்கிறது என்பதைக் கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற விவரக் கோப்பில் முறையாக எழுத உட்கார்ந்தேன். சீரியல் போர்ட்டில் தொங்கும் கருவிகளையும் மற்றவற்றைப்போலக் கெர்னலே நேரடியாக நடத்த வழிசெய்யும் செர்டெவ் என்ற ஏற்பாடு, 2017-இல் வந்த 4.11 கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டில் லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஇசட்டின் 5.44 பதிப்பு, எச்சிஐஅட்டாச் உள்ளிட்ட பழைய கருவிகளை வழக்கொழிந்தவை என்று ஒதுக்கிவிட்டது. ஆக, நான் இத்தனை நாள் மல்லுக்கு நின்றது ஓய்வு பெற்ற ஒரு கருவியோடு.

எழுதவேண்டியது அதிகமில்லை. யூஆர்ட்3-க்குரிய பகுதியில், அதற்கு நான்கு கால்களும் உண்டு, ஆர்டிஎஸ் சிடிஎஸ் உண்டு என்று சொல்லவேண்டும். அதற்குள் புளூடூத் என்ற உட்பகுதியை வைத்து, இது பிசிஎம்43438 இனத்தைச் சேர்ந்தது, உச்ச வேகம் 15,00,000, இயக்கு முனை ஜி13, சில்லைக் கணினி எழுப்பும் கால் இது, கணினியைச் சில்லு எழுப்பும் கால் இது, 32 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு இங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் குறிப்பிடவேண்டும். இரண்டு நாள் மல்டிமீட்டரோடு அலைந்து நான் கண்டறிந்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. 205 என்ற எண்ணையும் இனி நினைவில் வைத்துக்கொள்ளவேண்டியதில்லை. தேவையானபோது அந்தக் காலைக் கெர்னலே உயர்த்திக்கொள்ளும், வேலையில்லாதபோது சில்லை உறங்கவும் விடும்.

மறுதொடக்கம் செய்ததும், யூஆர்ட்3-ஐக் குறிக்கும் டிடிஒய்எஸ்3 என்ற போர்ட்டே காணாமல் போயிருந்தது. ஒரு கணம் பதறிவிட்டேன். அதுதான் சரியான நிலை: போர்ட்டைச் செர்டெவ் எடுத்துக்கொண்டபின், வேறு எந்தப் பயனர் நிரலும் அதைத் தொடக்கூடாது என்பதால், கெர்னல் அதை வெளியே காட்டுவதில்லை. இதைத் தெரியாமல் புதிய அமைப்பையே பிழை என்று கருதிக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. நானும் கழற்றுவதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை போய்த்தான் திரும்பினேன்.

இன்னும் ஒரு சிறு சிக்கல் இருந்தது. எழுந்து நின்ற கருவியின் முகவரி 43:43:ஏ1:12:1எஃப்:ஏசி. சில்லின் பெயரையே முகவரியாக எழுதிவைத்ததுபோன்ற இது, சொந்த முகவரி பொறிக்கப்படாத சில்லுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஒரே வீட்டில் இத்தகைய பலகை இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்றாகிவிடும் என்பதால், கெர்னல் இதைச் செல்லாத முகவரி என்று அடையாளம் கண்டு, முகவரி தரும்வரை கருவியை அரைகுறையாகவே வைத்திருக்கிறது. டிவைஸ் ட்ரீயிலேயே உள்ளூர் முகவரி என்ற வரியைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதிலும் பைட்டுகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பித்தான் எழுதவேண்டும். நான் முதலில் நேராக எழுதி, தலைகீழான முகவரியோடு ஒரு நாள் ஓட்டினேன். அதனால் எந்தக் கேடும் இல்லை.

இப்போது பலகை, பத்தாயம் இருக்கும் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலுள்ள சுவரில், பழைய காலண்டர் ஆணியில் மாட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் இரவில் மழையோடு மின்சாரம் போய், விடியற்காலையில் வந்தது. கும்பகோணத்திலிருந்து பதிவைத் திறந்து பார்த்தேன். பலகை எழுந்து சில விநாடிகளில் சில்லும் எழுந்து, ஃபர்ம்வேர் ஏறி, 15 லட்சத்துக்குத் தாவி, ஒரு நிமிடத்துக்குள் உணரிகளில் இரண்டு பேசத் தொடங்கியிருந்தன. பூங்கார் இருக்கும் அறையில் ஈரப்பதம் 66, அறுபதாம் குறுவை இருக்கும் அறையில் 71. மூன்றாவது உணரி அடியறையில், நெல்லுக்குள் முழுக்கப் புதைந்து கிடப்பதால், அதன் குரல் எப்போதும் சற்றுத் தாமதித்துத்தான் கேட்கும். 71 என்று பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் அந்த அறையைத் திறந்து ஒரு நெல்லை எடுத்துக் கடிக்கும் ஓசை எனக்குக் கேட்டது. "ஆமா, வெயில் வந்ததும் ஒருதரம் காயப் போட்டுருவோம்" என்றார்.